அரசு இணையதளம் படிக்க வரவில்லையா? குமரி மாவட்டத்தில் மனு போட ஒரு வழிகாட்டி

"இணையதளத்தை எங்களால் பயன்படுத்த முடியவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதிக் கொடுக்கிற மனு எங்கேயும் போய்ச் சேராது. வாங்குகிற அதிகாரிக்கு எந்தத் தளம், எந்தப் பக்கம், யாருக்கு, எந்த இடத்தில் மாட்டியது என்று எதுவும் தெரியாது. அவர் அதை ஏதோ ஒரு துறைக்குத் தள்ளிவிடுவார், அந்தத் துறை "தளம் நன்றாக இயங்குகிறது" என்று ஒரு வரி பதில் போட்டு மனுவை முடித்துவிடும். அவர்கள் அளவில் அது பொய்யும் இல்லை. கண்ணால் பார்க்கிறார்கள், மவுஸால் அழுத்துகிறார்கள், எல்லாம் வேலை செய்கிறது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மனுவில் ஒரு பக்கம், ஒரு தடை. அவ்வளவுதான். பத்துக் குறையை ஒரே தாளில் அடுக்கினால் சுலபமான ஒன்றைச் சரிசெய்துவிட்டு மீதி ஒன்பதையும் தீர்ந்ததாகக் கணக்குக் காட்டுவார்கள்.

இதைப் பெரும்பாலும் ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள், தமிழில் திரைவாசிப்பான்) வைத்துப் போனும் கம்ப்யூட்டரும் பயன்படுத்துகிற பார்வை மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். காது கேளாதவர்களுக்கும் கைரேகை விழாதவர்களுக்கும் தேவையானது பின்னால் வருகிறது. வீட்டில் அண்ணனுக்கோ சித்திக்கோ படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்களும் படிக்கலாம், சொல்லப்போனால் அவர்கள்தான் கட்டாயம் படிக்க வேண்டும், ஏனென்றால் "கொண்டா, நானே போட்டுத் தாரேன்" என்று நாம் வாங்கிப் போட்டுவிடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தளத்தின் குறை யார் கண்ணிலும் படாமல் அப்படியே கிடக்கிறது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சட்டம்

ஊனமுற்றோருக்கான உதவி என்பது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 9ஆவது இனம். ஆனால் உரிமைச் சட்டத்தைப் போட்டது நாடாளுமன்றம். 2007இல் இந்தியா மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டதன் தொடர்ச்சியாக வந்தது அது: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில அலுவலகங்களில் "இது சென்ட்ரல் கவர்மெண்ட் சட்டம், நாங்க என்ன செய்ய முடியும்" என்பார்கள். சட்டம் டெல்லியில் எழுதியது, சரி. ஆனால் மாநில அரசின் தளத்துக்கு மாநில அரசுதான் பொறுப்பு, அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க மாநில ஆணையர் என்று ஒரு பதவியையே அதே சட்டம் உண்டாக்கி வைத்திருக்கிறது.

மனுவில் எழுத நான்கு பிரிவுகள் போதும். பிரிவு 42: மின்னணு ஊடகத்தில் இருக்கும் உள்ளடக்கம் எல்லாம் அணுகக்கூடிய வடிவில் (அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிற வடிவில்) இருக்க வேண்டும், காட்சிகளுக்கு ஒலி விவரிப்பும் சைகை மொழியும் வசன வரியும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். பிரிவு 46: சேவை தருகிற அரசு, தனியார் இரு தரப்பும் அணுகல் விதிகள் வந்த இரண்டு ஆண்டுக்குள் அந்த விதிப்படி சேவை தர வேண்டும். பிரிவு 3(5): அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டை அரசு உறுதிசெய்ய வேண்டும். பிரிவு 89: மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. கடைசிப் பிரிவை முதல் மனுவிலேயே எழுதாதீர்கள். எழுதினால் தளத்தைச் சரிசெய்ய வேண்டியவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் எழுத ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவுக்கு அடுத்து விதி. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதி, தளங்கள் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைப்படி இருக்க வேண்டும், தளத்தில் போடும் ஆவணங்கள் ஈபப் என்ற மின்னூல் வடிவிலோ எழுத்தாகப் படிக்க வருகிற பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றது. 2023இல் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் அதில் சேர்ந்தது. அப்புறம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதி கட்டாயமாக இல்லாமல் வெறும் பரிந்துரைபோல இருக்கிறது, அது மூலச் சட்டத்துக்கே ஒத்துவராது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் கொண்டுவர ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே மனுவில் 15ஆவது விதியை மட்டும் நம்பி எழுத வேண்டாம்; சட்டப் பிரிவை முன்னால் வைத்து, ஐஎஸ் 17802ஐ அளவுகோலாகக் காட்டுங்கள்.

அதைவிடக் கையில் பலமான ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன், அமர் ஜெயின் இருவரும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர் ஒருவர், பார்வையில்லாத வழக்கறிஞர் ஒருவர். கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் வங்கி போன்ற இடங்களில் வாடிக்கையாளர் சரிபார்ப்பு (கேஒய்சி) முடியும் என்றால் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் வழக்கு. தளங்களையும் செயலிகளையும் அவ்வப்போது அணுகல் தணிக்கைக்கு (மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடிகிறதா என்ற சோதனைக்கு) உட்படுத்த வேண்டும், இதற்கென்று பொறுப்பு அதிகாரி வேண்டும் என்பவையும் அந்தத் தீர்ப்பின் உத்தரவுகளில் உண்டு. இந்த ஒரு வரியை எந்த மனுவிலும் விடாதீர்கள்.

எங்கே மாட்டுகிறது என்று பிடியுங்கள்

பார்வையுள்ளவர் ஒருவர் கூட இருந்தால் ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கைப் போடச் சொல்லுங்கள். பல போன்களில் ஒலியைக் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும், அணைப்பதற்கும் அதேதான். இது தெரியாமல் போட்டுவிட்டுப் போன் கெட்டுப்போச்சு என்று பதறுகிறவர்கள் உண்டு. டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டலுக்குப் பேசும், இரு தட்டலுக்குத்தான் திறக்கும். அவர் திரையைப் பார்க்காமல், விரலை வலப்பக்கம் தள்ளித் தள்ளி ஒரு படிவத்தை நிரப்பிப் பார்க்கட்டும். "எடிட் பாக்ஸ்... எடிட் பாக்ஸ்... பட்டன்... பட்டன்..." என்று வந்தால் அந்தக் கட்டங்களுக்கும் பட்டன்களுக்கும் பெயரே வைக்கவில்லை என்று அர்த்தம். எந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயர், எந்தக் கட்டத்தில் அஞ்சல் குறியீடு என்று பக்கத்தில் அச்சடித்திருக்கிறது, ஆனால் கட்டத்தோடு அதை இணைக்கவில்லை. சரிசெய்ய ஒரு நிரலாளருக்கு வெகுநேரம் ஆகாது, அதனாலேயே முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வசதி ஒன்று உண்டு. இன்செர்ட் விசையோடு என் எழுத்தை அழுத்தினால் மெனு வரும், அதில் டூல்ஸ், அதற்குள் ஸ்பீச் வியூவர். என்விடிஏ வாயால் சொல்வதெல்லாம் அந்தச் சன்னலில் எழுத்தாக ஓடும். அதை அப்படியே நகலெடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள். "படிக்க வரவில்லை" என்று நீங்கள் சொல்வதை விட, பட்டன் பட்டன் என்று இருபது வரி அச்சில் இருப்பது அதிகாரிக்குச் சட்டெனப் புரியும். போனில் என்றால் இன்னொரு போனை வைத்து ஒலியோடு ஒரு நிமிட வீடியோ எடுத்தால் போதும். உங்கள் ஆதார் எண்ணும் ஓடிபியும் அதில் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய தலைவலி பிடிஎஃப். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணை ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் படம். ஒரு வார்த்தை மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், வார்த்தை மட்டும் தேர்வாகவில்லை என்றால் அது படம்தான். எழுத்து தேர்வானாலும் நம்பிவிடக் கூடாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதிகிற பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு; தமிழ்நாடு அரசு அதைத் தர நிர்ணயமாக ஏற்றது 2010இல். ஆனாலும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகிற பழக்கம் அலுவலகங்களை விட்டு முழுசாகப் போகவில்லை. அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும். உதாரணத்துக்குப் பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்ததை ஸ்கிரீன் ரீடர் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசிக்கும். ஒரு பக்கச் சுற்றறிக்கை முழுக்க இப்படி வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், மக்கா. இதற்கு மனுவில் கேட்க வேண்டியது எளிது: அதே ஆவணத்தை யூனிகோடில் தட்டிய மூலக் கோப்பாகத் தாருங்கள். ஸ்கேனும் இருக்கட்டும், கூடவே எழுத்தும் இருக்கட்டும்.

மூன்றாவது கேப்சா. கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச் சொல்கிற இடத்தில் ஒலி வடிவமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலிக்குறி இருந்தும் அழுத்தினால் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஓடிபி நேரம் ஓடிவிடுவதும் இதே வகைதான். குறுஞ்செய்தியைத் திறந்து, கேட்டு, திரும்பி வந்து கட்டத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

தளத்தின் மேல் ஓரத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் குறியும் நிறம் மாற்றும் குறியும் இருப்பதைக் காட்டி "வசதி எல்லாம் செய்திருக்கோமே" என்று சொன்னால் மயங்கிவிட வேண்டாம். குறைப்பார்வை உள்ள சிலருக்கு அது உதவும். பெயரில்லாத பட்டன் அதனால் பேசத் தொடங்காது.

யாருடைய தளம்?

இதில்தான் பாதி மனுக்கள் வழிதவறுகின்றன. எல்லாம் ஈ-சேவை மையத்தில் செய்கிற காரியம் என்பதால் எல்லாம் ஒரே இடம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஈ-சேவைத் தளம் தமிழ்நாடு மின் ஆளுமை முகமையுடையது. பத்திரப்பதிவு பதிவுத்துறையுடையது, ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறை, பட்டா வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும். கன்னியாகுமரி மாவட்ட இணையதளத்தின் உள்ளடக்கம் மாவட்ட நிர்வாகத்துடையது, தொழில்நுட்பம் தேசியத் தகவலியல் மையத்துடையது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விண்ணப்பம் ஒன்றிய அரசின் தளம். பக்கத்தின் அடியில் போய்ப் பாருங்கள், யாருடைய உள்ளடக்கம் என்று எழுதியிருக்கும். இணையத் தகவல் மேலாளர் யார் என்றும் அரசுத் தளங்கள் குறிப்பிட வேண்டும் என்பது நெறிமுறை. அந்தப் பெயருக்குத்தான் முதல் மனு, நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு.

மனு எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"நான் பார்வை மாற்றுத்திறனாளி. அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். தங்கள் துறை இணையதளத்தில் இன்ன சேவைக்கான விண்ணப்பப் பக்கத்தை இன்ன தேதியில் என்விடிஏ திரைவாசிப்பான் மூலம் நிரப்ப முயன்றேன். இரண்டாம் பக்கத்தில் உள்ள ஆறு உள்ளீட்டுக் கட்டங்களுக்குப் பெயர் இணைக்கப்படாததால் எதில் எதை நிரப்புவது என அறிய இயலவில்லை. திரைவாசிப்பான் வாசித்ததன் அச்சு நகல் இணைப்பில் உள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பிரிவு 42, 46 மற்றும் 30.04.2025 நாளிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இக்கட்டங்களுக்கு ஐஎஸ் 17802 தரப்படி பெயர் இணைத்துத் தருமாறும், அதுவரை பிரிவு 3(5)இன்படி என் விண்ணப்பத்தைத் தங்கள் அலுவலகத்திலேயே பெற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தளம் திருந்த மாதக்கணக்கில் ஆகலாம், கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் அடுத்த வாரம் வேண்டும். தளத்தைத் திருத்துவதும் உங்கள் காரியம் நடப்பதும் இரண்டு தனிக் கோரிக்கைகள், இரண்டையும் ஒரே தாளில் கேட்கலாம், ஒன்றைக் கொடுத்து மற்றதை மறக்கடிக்க விடக் கூடாது. முன்பு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "அதான் வாங்கியாச்சே, வெப்சைட் புகாரை வாபஸ் எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை நாகர்கோவில்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். களியக்காவிளையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ வருகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மனுவைக் கொடுத்தால் பதிவு எண் தருவார்கள். அந்த எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். "வாங்கி வெச்சாச்சு, போங்க" என்றால் "நம்பர் மட்டும் சொல்லிருங்க சார், போன்ல பதிஞ்சுக்கிடுதேன்" என்று நின்றுவிடுங்கள். தாளில் எழுதிக் கொடுக்கிற எண்ணை உங்களால் வாசிக்க முடியாது என்பதால் அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லிக் கேட்பதும் நியாயம்தான்.

நேரில் வர முடியாதவர்கள் முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 எண்ணில் கூப்பிடலாம். நடைமுறையில் என் அபிப்பிராயம்: சேவை தாமதமானதற்கு 1100 நல்லது, தளத்தின் குறைக்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் இணைப்பு எதையும் போனில் காட்ட முடியாது.

பதில் வரவில்லை என்றால்

ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே மூன்று கேள்வி: இன்ன எண்ணுள்ள என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, இந்தத் தளத்துக்குக் கடைசியாக அணுகல் தணிக்கை நடந்த தேதி என்ன, அந்தத் தணிக்கை அறிக்கையின் நகல் வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தணிக்கை நடக்கவே இல்லை என்று பதில் வந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆதாரம். தகவல் உரிமைச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத இரண்டு விஷயம் இருக்கிறது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க அலுவலர் உதவ வேண்டும் என்கிறது பிரிவு 6. புலன் சார்ந்த மாற்றுத்திறன் உள்ளவர் தகவலை அணுகத் தேவையான உதவியைச் செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 7(4). எனவே பதிலை மின்னஞ்சலில் யூனிகோடு எழுத்தாகவே கேளுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஒரு ஸ்கேன் படமாக வந்து சேரும்.

அடுத்த படி சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். வக்கீல் வேண்டாம். உங்கள் பெயர் முகவரி, எதிர்த்தரப்பு எந்த அலுவலகம், நடந்தது என்ன, ஆதாரங்கள், நீங்கள் கேட்பது என்ன என்று வரிசையாக எழுதினால் போதும். முதல் மனு, அதன் பதிவு எண், தகவல் உரிமைப் பதில் மூன்றையும் இணைத்துவிடுங்கள். அதிகாரியை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரைத்தால் எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிவு 89ஐ எழுத வேண்டிய இடம் இந்தப் புகார்தான். ஒன்றிய அரசுத் தளமாக இருந்தால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர்.

பார்வை மட்டுமல்ல

காது கேளாத ஒருவருக்கு "சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்பது மூடிய கதவு. துறைகள் வெளியிடும் திட்ட விளக்க வீடியோக்களில் வசன வரி இல்லையென்றால் பிரிவு 42 அதற்கும் பொருந்தும். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடர்பு வழியாக அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். விசாரணைக்கு அழைத்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் தேதி தள்ளிப்போகும்.

கைரேகை பற்றி நம்ம மாவட்டத்தில் தனியாகவே எழுதலாம். முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கிற அக்காமாரின் விரலைக் கொட்டை எண்ணெய் அரித்து அரித்து ரேகை மெஷினில் விழாமல் போவது விளவங்கோடு, கல்குளம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர்களில் பலர் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் வரமாட்டார்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்கள் வருவார்கள், அவர்களும் அதே மெஷின் முன்னால்தான் நிற்கிறார்கள். "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்றால் ஓடிபி, கருவிழி, பதிவேட்டில் கையெழுத்து என்று மாற்று வழியைக் கேளுங்கள், மறுத்தால் தேதி, நேரம், கடை எண் மூன்றையும் குறித்துக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுதுங்கள். கடைக்கு வரவே முடியாதவர்களுக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கும் படிவமும் அங்கேயே கிடைக்கும்.

வங்கியில் கண் சிமிட்டச் சொல்லிப் படுத்தினால் 2025 தீர்ப்பைச் சொல்லி, தாள் வழியாகவே சரிபார்ப்பை முடித்துத் தரும்படி கிளையில் எழுத்தாகக் கொடுங்கள். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் விரல் பதிவை ஏற்க மாட்டோம் என்றாலும் அதே தீர்ப்புதான் பதில்.

தளத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று கடிதம் வந்ததும் அதே பக்கத்தை அதே ஸ்கிரீன் ரீடரில் முதலிலிருந்து கடைசி "சமர்ப்பி" வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மனுவை முடிக்கச் சம்மதியுங்கள். முதல் பக்கத்தில் பெயர் வைத்துவிட்டு மூன்றாம் பக்கத்தை விட்டுவிடுவது சகஜம். விட்டிருந்தால் பழைய எண்ணைக் குறிப்பிட்டே அடுத்த மனு. புது எண்ணில் தொடங்கினால் முந்தையது தீர்ந்ததாகக் கணக்காகிவிடும்.